மருந்து விட்டும் கோழி ஏன் செத்தது?

ஐப்பசி மழை பிடித்து மூன்றாம் கிழமை. பக்கத்து வளவு அக்கா ஒரு உரப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மாமரத்தடியில் வைத்தார். உள்ளே அன்று விடிய செத்த கோழி. ஏழு கிழமைக் குஞ்சு. அவருடைய கூட்டில் அது 12 ஆவது.

"மருந்து விட்டனான்தானே தம்பி. பிறகேன் சாகுது?"

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற றோட்டில் வாகனத்தில் கொண்டுவந்து விற்றவரிடம் ஒரு மாதக் குஞ்சுகள் 50 வாங்கியிருந்தார். வாங்கி ஐந்தாம் நாள் ராணிக்கட் என்ற கோழி வைரசு நோய்க்கான தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கரைத்து வைத்தார். அடுத்த கிழமை மழை. சாரல் அடிக்காமல் கூட்டைச் சுற்றித் தறப்பாள் கட்டினார். இரண்டொரு நாளில் கோழிகள் தும்மத் தொடங்கின. இரவில் கூட்டுக்குக் கிட்டப் போனால் கறகறவென்று சத்தம். சில தேறின, சில தூங்கி விழுந்தன.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன், மிருக வைத்தியன் இல்லை. ஆனாலும் அக்காவின் கேள்வி பள்ளிக்கூடத்தில் 'நிர்ப்பீடனம்', அதாவது நோய் எதிர்ப்பு, என்று நாங்கள் கரும்பலகையில் எழுதி அழித்துவிடுகிற பாடத்தின் நடுவில்தான் வந்து நிற்கிறது. அவருக்கு அன்று வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன்.

கோழியை வெட்டிப் பார்த்தோம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஒரே இரவில் கூட்டோடு சரிந்தால், தலையும் கொண்டையும் நீலம் பாரித்து வீங்கியிருந்தால், கத்தியைக் கையில் எடுக்கக்கூடாது. அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றலாம். அப்படியானால் தொடாமல் மிருக வைத்தியருக்கு அறிவிப்பதுதான் வேலை. அக்காவின் கோழிகள் 10 நாளாக ஒவ்வொன்றாகச் செத்தவை. கையுறையும் வாய்க்கட்டும் போட்டுக்கொண்டு வெட்டினேன்.

வாதனாளியை, அதாவது மூச்சுக்குழாயை, நீளவாக்கில் பிளந்தால் உள்ளே வழுவழுவென்று சளி. துடைத்துவிட்டுப் பார்த்தால் சுவர் சிவந்து கிடந்தது. நெஞ்சைத் திறந்ததும் அக்கா "ஐயோ, உதென்ன பாலாடையே?" என்று கேட்டார். இதயத்தைச் சுற்றியும் ஈரல்மேலும் வெள்ளைத் தோல் ஒன்று படர்ந்திருந்தது. நகத்தால் கிள்ளினால் உரிந்து வந்தது. விலாவுக்குள், கண்ணாடித்தாள் போல் தெளிவாக இருக்க வேண்டிய காற்றுப்பை மங்கலாகி, மஞ்சள் கட்டி கட்டியாக, உதிர்ந்த பாற்கட்டி போல் எதையோ வைத்திருந்தது.

மிருக வைத்தியர்கள் இந்த வெள்ளைத் தோலைக் கண்டவுடன் பெரும்பாலும் ஈகோலை என்ற பற்றீரியாவைத்தான் நினைப்பார்கள். அது புதிதாக எங்கிருந்தோ வந்த கிருமி அல்ல. கோழியின் குடலிலும் எச்சத்திலும் கூட்டுத் தூசியிலும் எந்நாளும் இருப்பது. நல்ல கோழி அதைத் தினமும் மூச்சில் இழுத்துத் தினமும் வெளியே தள்ளிவிடுகிறது. அப்படியானால் இந்த 12 கோழிகளில் மட்டும் அது இதயம் வரை போனது எப்படி? முன்னாலே போன ஏதோ ஒரு வைரசு வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. அது எந்த வைரசு என்று ஆய்வுகூடம்தான் சொல்லும். நாங்கள் மாமரத்தடியில் பார்த்தது அது விட்டுப்போன தடத்தை.

ஒரு வரியிலும் பதில் சொல்லலாம். அக்கா விட்டது ராணிக்கட் மருந்து; கோழித் தடிமனுக்குப் பல வைரசுகள் உண்டு; ஒன்றுக்குக் கொடுத்த மருந்து மற்றதைத் தடுக்காது. இது சரியான பதில்தான், ஆனால் அரைப் பதில். தடிமன் வந்த கோழி தடிமனோடு நிற்காமல் ஏன் செத்தது என்பதற்கு அது பதில் இல்லை.

கோழியின் மூச்சு எங்களுடைய மூச்சு மாதிரி இல்லை. எங்களுடைய நுரையீரல் ஊதிச் சுருங்கும். கோழியின் நுரையீரல் சின்னது, முதுகெலும்புப் பக்கம் விலாக்களோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஊதிச் சுருங்குகிற வேலையைச் செய்பவை 9 காற்றுப்பைகள். உள்ளே போகிற காற்றில் ஒரு பெரிய பங்கு முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போய், பிறகுதான் நுரையீரலுக்குள் புகுந்து, முன்பக்கப் பைகள் வழியாக வெளியே வரும். பறக்கிற உடம்புக்கு இது அருமையான ஏற்பாடு. நோய்க்கும் அது வசதி: தூசியும் கிருமியும் நேரே வயிற்றோரம் வரை போய்விடலாம். அந்தப் பைகளின் சுவரில் இரத்த ஓட்டமும் குறைவு. இரத்தத்தில் வருகிற காவல் கலங்கள் அங்கே போய்ச் சேரச் சுணங்கும்.

இன்னொரு குறையும் உண்டு. எங்கள் நுரையீரலின் காற்றறைகளில் மக்ரோபேஜ் எனப்படும் பெருந்தீனிக் கலங்கள் எந்நேரமும் உலாவித் திரியும், கண்டதை விழுங்கும். கோழியின் மூச்சுப்பாதையைக் கழுவிப் பார்த்தால் அவை மிகக் குறைவாகவே அகப்படும். தேவை வந்தால்தான் இரத்தத்திலிருந்து இறங்கி வரும். ஆகவே கோழியின் முதற் காவல் கலமே அல்ல, சளியும் பிசிரும்தான். வாதனாளியின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிர்போல நிற்பவை பிசிர்கள். காற்றில் நெற்பயிர் அலைவது போல் ஒரே திசையில் அலைந்து, தூசி ஒட்டிய சளியை மேலே தொண்டைக்குத் தள்ளும். கோழி அதை விழுங்கிவிடும். சத்தமில்லாமல் இரவு பகலாக நடக்கிற வேலை.

இங்கேதான் வைரசு முதலில் கை வைக்கிறது. தொற்றும் மூச்சுக்குழல் அழற்சி என்ற நோயை எடுத்துக்கொள்வோம். 1931 இல் அமெரிக்காவின் வட டக்கோட்டாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதைக் கொண்டுவருவது ஒரு கொரோனா வைரசு. 2020 இல் எல்லோரும் முகக்கவசம் போட்டுத் திரிந்தோமே, அந்தக் குடும்பத்தில் கோழிக்குரிய ஒன்று, மனிதருக்குத் தொற்றாது. கோழிக்குள் புகுந்து 18 முதல் 36 மணித்தியாலத்தில் தும்மல் தொடங்கிவிடும். வைரசு பிசிருள்ள கலங்களுக்குள் புகுந்து பெருகும். பிசிர்கள் அசைவை நிறுத்தும். பிறகு அந்தக் கலங்களே உதிரும். சளி தேங்கும். அக்கா இரவில் கேட்ட கறகறச் சத்தம் அதுதான். புதிதாகப் பிசிர் முளைத்துப் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று கிழமை பிடிக்கும். அந்த இரண்டு மூன்று கிழமைதான் ஈகோலையின் காலம்.

இனிக் கலங்களிடம் வருவோம். வன்னியில் வயல் காவலுக்குப் போனவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். யானை வந்தால் அதை முதலில் காண்கிற பரணில் இருப்பவர் என்ன செய்வார்? தனியாக இறங்கி யானையோடு மல்லுக்கட்ட மாட்டார். கூக்காட்டுவார். அந்தச் சத்தத்தில் அடுத்த பரண் முழிக்கும், அதற்கடுத்தது முழிக்கும், யானை வெடி எடுப்பார்கள். வைரசு புகுந்த கலமும் அதையேதான் செய்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கு நேரம் போதாது. ஆனால் இன்டர்பெரோன் என்ற புரதத்தை வெளியே விடும். அதை உணர்ந்த பக்கத்துக் கலங்கள் தங்கள் கதவைச் சாத்தி, வைரசு பெருக முடியாதபடி உள்ளே ஆயத்தம் செய்யும். இரத்தத்தில் திரிகிற வெண்குருதிக் கலங்களும் முழிக்கும்.

இந்த இன்டர்பெரோனைக் கண்டுபிடித்ததிலும் கோழிக்குப் பங்குண்டு. 1957 இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இருவர் செயலிழக்கச் செய்த இன்புளுவன்சா வைரசைக் கோழிக் கருவின் சவ்வுத் துண்டுகளோடு வைத்துப் பார்த்தபோதுதான் 'குறுக்கே நிற்கிற' இந்தப் பொருள் அகப்பட்டது. கோழிக்கு நாங்கள் கொடுத்ததைவிடக் கோழி எங்களுக்குக் கொடுத்தது கூட. இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன்.

கூக்காட்ட வேண்டுமானால் முதலில் யானையைக் காண வேண்டும். வைரசின் மரபுப் பொருளை மணந்து பிடிக்கக் கலத்துக்குள் சில உணரிப் புரதங்கள் உண்டு. அவற்றில் ரிக்-ஐ என்பது ஒன்று. இன்புளுவன்சாவைப் பிடிப்பதில் கெட்டி. அது தாராவுக்கு உண்டு, கோழிக்கு இல்லை. 2010 இல் வெளிவந்த ஆய்வு இது. பறவைக் காய்ச்சல் வைரசுகள் பலவற்றைத் தாரா அதிகம் அசங்காமல் சுமந்து திரிய, கோழி அதே வைரசில் கவிழ்ந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். குளக்கட்டில் தாராவும் கோழியும் ஒன்றாக மேய்கிற வீடுகள் எங்கள் பக்கம் இருக்கின்றன, பார்க்க வடிவுதான். ஆனால் தாரா சுகமாக நிற்பது கோழிக்கு ஆபத்து இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

கண்டு கூக்காட்ட வாயெடுத்தாலும் அந்த வாயைப் பொத்துகிற வைரசுகள் உண்டு. ராணிக்கட் வைரசு அதில் தேர்ந்தது. 1926 இல் யாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் அறியப்பட்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. ராணிக்கட் என்பது இந்தியாவின் மலையூர் ஒன்றின் பெயர்; அங்கிருந்துதான் எங்கள் வழக்கு வந்தது. இந்த வைரசு 'வீ' என்று பெயரிட்ட ஒரு புரதத்தைச் செய்யும். இன்டர்பெரோனின் சத்தத்தைக் கேட்டு வேலை தொடங்க வேண்டிய உட்புரதத்தை அது பிடித்து அழித்துவிடும். அடுத்த பரணில் இருப்பவனின் காதில் பஞ்சடைத்தது போல.

ராணிக்கட்டில் வீரியமானதும் மெல்லியதும் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் ஆச்சரியமான அளவுக்குச் சின்னது. வைரசின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைக் கோழியின் நொதியம் ஒன்று வெட்டினால்தான் அது கலத்துக்குள் புகலாம். மெல்லிய வகையை வெட்டக்கூடிய நொதியம் மூச்சுப்பாதையிலும் குடலிலும் மட்டும்தான் உண்டு; ஆகவே அது அங்கேயே நின்றுவிடும், இலேசான தும்மலோடு போய்விடும். தடுப்பு மருந்துக் குப்பிக்குள் இருப்பது இந்த மெல்லிய வகைதான். வீரிய வகையின் வெட்டு இடம், உடம்பின் எல்லாக் கலங்களிலும் இருக்கிற நொதியத்துக்கு இணங்கும். அது பெருந்தீனிக் கலத்துக்குள்ளேயே புகுந்து பெருகும். விழுங்க வந்தவனே வாகனமாகிவிடுகிறான்: வைரசைச் சுமந்துகொண்டு மண்ணீரலுக்கும் மற்ற நிணநீர்த் திசுக்களுக்கும் போகிறான். அங்கே இருக்கும் நிணநீர்க் கலங்கள் கூட்டம் கூட்டமாக மடியும். எதிர்ப்பைக் கட்டி எழுப்பக் கோழிக்கு ஒரு கிழமையாவது வேண்டும். வீரிய ராணிக்கட் அந்தக் கிழமையைக் கொடுப்பதில்லை.

அக்காவின் கூட்டில் நடந்தது அப்படிப்பட்ட வெள்ளம் அல்ல. தும்மி, தேறி, சிலது மட்டும் பிறகு செத்தது. அந்த மஞ்சள் பாற்கட்டிக்குத் திரும்ப வேண்டும்.

அடிபட்ட இடத்துக்குச் சில மணித்தியாலத்தில் ஓடிவருகிற கலம் எங்களுக்கு நியூத்திரோபில். கோழிக்கு அதே வேலையைச் செய்வது ஹெற்ரோபில். விழுங்கும், நஞ்சுத் துணிக்கைகளைக் கொட்டும், தானும் சாகும். எங்கள் நியூத்திரோபிலில் மைலோபெரொக்சிடேசு என்றொரு நொதியம் இருக்கிறது. எங்கள் சீழ் தண்ணியாக வடிவதில் அதற்குப் பங்குண்டு. ஹெற்ரோபிலில் அது இல்லை. அதனால் கோழியின் சீழ் கரையாமல் இறுகிக் கட்டியாகும். காற்றுப்பைக்குள் நாங்கள் பார்த்தது செத்துப்போன காவற்காரர்களின் குவியல். நடுவில் பற்றீரியா, சுற்றிலும் பைபிரின் என்ற உறைபுரதம். ஈரல்மேல் இருந்த பாலாடையும் பெரும்பாலும் இதே பைபிரின்தான்.

இப்படி வைரசுக்குப் பின்னால் ஈகோலை வருவதைப் பற்றி நெடுநாள் ஒரு எண்ணம் இருந்தது: வைரசு விழுங்கிக் கலங்களைப் பலவீனமாக்குகிறது, அதனால் பற்றீரியா தப்புகிறது என்று. நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வந்தேன். மூச்சுக்குழல் அழற்சி வைரசு தொற்றிய இறைச்சிக் கோழிகளில் அந்தக் கலங்களை எடுத்துச் சோதித்தபோது பெரிய குறை தெரியவில்லை, விழுங்கின, கொன்றன. குழம்பியிருந்தது கட்டுப்பாடுதான். வைரசு ஏற்கெனவே கிளறிவிட்ட இடத்தில் பற்றீரியா வந்ததும் அழற்சி அளவுக்கு மிஞ்சிப் போகிறது, தணிய மறுக்கிறது. யானையைத் துரத்த மூட்டிய நெருப்பு வைக்கோலில் பிடித்த மாதிரி. எல்லா வைரசுக்கும் இது பொருந்தும் என்றில்லை. பறவைக் காய்ச்சலின் சில வகைகளும் ராணிக்கட்டும் கலங்களையே கொல்கின்றன. ஆனால் 'நோய் எதிர்ப்பு குறைஞ்சிட்டுது' என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் மூடிவிடுவது சரியில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். சில நேரம் குறைவால் சாகிறது, சில நேரம் மிகுதியால் சாகிறது.

ஹெற்ரோபிலும் பெருந்தீனிக் கலமும் முதல் நாட்களைத் தாங்குபவை. அவற்றுக்கு ஆள் அடையாளம் தெரியாது. கண்டவனை எல்லாம் அடிக்கும். ஆளைப் பார்த்து அடிக்கிறவை நிணநீர்க் கலங்கள். அவை இரண்டு வகை. ரி கலங்கள் கழுத்தோரம் மணி கோத்தது போல் கிடக்கும் தைமசுவில் பயிற்சி எடுப்பவை. அவற்றில் ஒரு பகுதி, வைரசு புகுந்த கலத்தைத் தேடிப்பிடித்து அந்தக் கலத்தோடு சேர்த்து அழிக்கும். பி கலங்கள் பிறபொருளெதிரிகளைச் செய்யும். அவை வைரசில் ஒட்டிக்கொண்டு அதைக் கலத்துக்குள் புகவிடாது. தடுப்பு மருந்தின் நோக்கம் முழுவதும் இந்த இரண்டு வகைக்கும் முன்கூட்டியே ஆளைக் காட்டி வைப்பதுதான்.

பி கலத்தின் 'பி' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பில் ஒருவரும் கோழி என்று சொல்வதில்லை. கோழியின் எச்சத் துவாரத்துக்கு மேலே உட்பக்கமாகச் சின்னப் பை ஒன்று இருக்கிறது. இத்தாலியின் பதுவா நகரத்து உடற்கூற்று ஆசிரியர் பப்ரீசியசு விவரித்தது. அவர் இறந்தபின் 1621 இல் அச்சானது. அந்தப் பை எதற்கு என்று 300 ஆண்டுக்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. 1950களில் அமெரிக்காவின் ஒகாயோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் குஞ்சுகளில் அந்தப் பையை வெட்டி எடுத்துப் பார்த்தார். குஞ்சுகள் சும்மா வளர்ந்தன, ஒன்றும் விளங்கவில்லை. கூடப் படித்த ரிமதி சாங் என்பவருக்கு வகுப்பில் செய்து காட்டச் சில கோழிகள் தேவைப்பட்டன. கிளிக்கிடம் வாங்கிச் சல்மொனெல்லா என்ற பற்றீரியாவின் பிறபொருளை ஊசியாகப் போட்டார். பிறபொருளெதிரி வர வேண்டிய கோழிகளில் பலவற்றில் அது வரவேயில்லை. இலக்கத்தைப் பார்த்தால், எல்லாம் பை எடுத்த கோழிகள்! 1956 இல் கோழி வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றில் அது வெளிவந்தது. பெரிய அறிவியல் சஞ்சிகை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டது. அந்தப் பையின் இலத்தீன் பெயர் பர்சா. அதன் முதல் எழுத்துத்தான், எங்கள் உடம்பில் ஓடுகிற பி கலத்துக்கும்.

அக்காவுக்கு அந்தப் பையை எடுத்துக் காட்டினேன். ஏழு கிழமைக் குஞ்சில் அது நல்ல பருமனாக இருக்க வேண்டிய வயது; கோழி முட்டைப் பருவத்துக்கு வரும்போதுதான் சுருங்கிப் போகும். நாங்கள் வெட்டியதில் அது கச்சான் கொட்டை அளவு. "உது சின்னனோ?" என்று அவர் கேட்டார். சின்னன்தான்.

இதில் இன்னொரு வைரசின் நிழல் இருக்கலாம். கம்பரோ என்பது அமெரிக்காவின் டெலவெயார் மாநிலத்து இடமொன்றின் பெயர். 1962 இல் அந்தப் பெயரில் விவரிக்கப்பட்ட நோய். மூச்சு நோயே அல்ல. ஆனால் அந்த வைரசு தேடிப்போவது பர்சாவில் பெருகிக்கொண்டிருக்கும் இளம் பி கலங்களைத்தான். பை முதலில் வீங்கி, எட்டாம் நாளளவில் பழைய எடையில் மூன்றிலொரு பங்காகச் சுருங்கும். மூன்று முதல் ஆறு கிழமைக் குஞ்சுக்கு வந்தால் கண்ணுக்குத் தெரியும், சாகும். மூன்று கிழமைக்கு முன் வந்தால் ஒன்றுமே தெரியாது. குஞ்சு தின்னும், ஓடும், வளரும். பிறகு நீங்கள் எந்த மருந்தை விட்டாலும் அதைப் படித்துக்கொள்ள ஆள் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் வந்துபோகிற இந்தக் கம்பரோவைத்தான் நான் கூடப் பயப்படுகிறேன். சின்னப் பைக்கு நெடுநாள் உளைச்சலும் காரணமாகலாம் என்பதால், ஒரு கோழியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நான் துணிய மாட்டேன். குஞ்சு விற்றவரிடம் கம்பரோ மருந்து விட்டதா என்று கேட்டிருக்கலாம். அக்கா கேட்கவில்லை, விற்றவர் சொல்லவுமில்லை.

உளைச்சல் என்றது சும்மா சொல்லில்லை. வாகனத்தில் அடுக்கிக் கொண்டுவருவதும், திடீர்க் குளிரும், நெரிசலும் கோழியின் உடம்பில் ஒரு ஓமோனைக் கூட்டும். அது இரத்தத்தில் ஹெற்ரோபில்களைக் கூட்டி நிணநீர்க் கலங்களைக் குறைக்கும். கோழி எவ்வளவு உளைச்சலில் இருக்கிறது என்று அறிய ஆய்வாளர்கள் பார்ப்பது இந்த இரண்டின் விகிதத்தைத்தான். அப்படியான நேரத்தில் வாங்கிய ஐந்தாம் நாளே மருந்து விட்டது அவசரப்பட்ட வேலை.

தறப்பாளைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். சாரல் படாமல் கட்டியது நல்ல எண்ணம். ஆனால் உமி ஏற்கெனவே நனைந்திருந்தது. நனைந்த உமியும் எச்சமும் சேர்ந்தால் அமோனியா எழும்பும். கூட்டுக்குள் குனிந்தபோது எனக்குக் கண் எரிந்தது. எங்கள் மூக்குக்கு மணக்கிற அளவே, காற்றின் 10 இலட்சம் பங்கில் 20, 25 பங்கு, நாட்கணக்கில் நின்றால் பிசிர்களைக் கெடுக்கப் போதும். வைரசு வந்து நிறுத்த வேண்டிய பிசிரை நாங்களே முதலில் நிறுத்திக் கொடுத்த மாதிரி. மேலே ஒரு முழம் காற்றுப்போக விட்டுவிட்டு, நனைந்த உமியை அள்ளிக் காய்ந்ததைப் போடச் சொன்னேன். அக்கா அன்று பின்னேரமே செய்தார்.

மருந்தைத் தண்ணீரில் வைத்த கதை வேறு. உயிருள்ள வைரசு மருந்து குளோரினில் செத்துவிடும். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீர் ஏறிய கிணறுகளுக்குக் குளோரின் போட்டது பலருக்கு நினைவிருக்கும். மழைக்காலத்தில் கிணற்றுக்குக் குளோரின் போட்டவர் அந்தத் தண்ணீரிலேயே மருந்தைக் கரைத்தால் கோழி குடிப்பது வெறும் தண்ணீர். வெயிலும் அதைக் கொல்லும். ஐஸ்கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, விடிய வெள்ளன அல்லது பொழுதுபட, ஒரு இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்கிறபடி வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஊர்க்கோழி வளர்ப்பாளரை நினைத்தே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சூடு தாங்குகிற ராணிக்கட் மருந்து வகைகளை உருவாக்கினார்கள். உங்கள் மிருக வைத்திய நிலையத்தில் என்ன வகை இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

குஞ்சின் வயதும் கணக்கு. தாய்க்கோழி தன் பிறபொருளெதிரியை மஞ்சட்கருவில் வைத்து அனுப்புகிறது. அது முதல் இரண்டு மூன்று கிழமை குஞ்சைக் காக்கும். அதே நேரம் மருந்தில் உள்ள வைரசையும் பிடித்து ஓரளவு முடக்கிவிடும். அதனால்தான் ஒரு முறை விட்டதோடு நிற்காமல் திரும்ப விடச் சொல்கிறார்கள். தும்முகிற கோழிக்கு மருந்து விடாதீர்கள் என்பதற்கும் காரணம் இப்போது விளங்கும்: மருந்து வைரசும் அதே பிசிர்க் கலங்களில்தான் பெருகும், நல்ல கோழிக்கு அது இரண்டு மூன்று நாள் தும்மல், ஏற்கெனவே பிசிர் போன கோழிக்கு இன்னொரு அடி.

அக்கா கடையில் வாங்கிய அன்ரிபயோற்றிக் தூளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. வைரசை அது ஒன்றும் செய்யாது. பின்னால் வரும் ஈகோலைக்கு உதவலாம், வைத்தியர் பார்த்து வகையும் அளவும் நாளும் சொன்னால். அக்கா ஒரு கரண்டி கொடுத்துவிட்டு மிச்சத்தை அடுத்த முறைக்கென்று முடிந்து வைத்திருந்தார்.

தை மாதம் மிருக வைத்திய நிலையத்தில் மருந்து வந்தபோது, தேறி மிஞ்சிய கோழிகளுக்கு ராணிக்கட் மருந்தைக் கண்ணில் விடலாம் என்று முடிவெடுத்தோம். கண்ணில் விடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோழியின் கண்குழிக்குள், கண்ணுக்குப் பின்னால், ஹாடர் சுரப்பி என்று ஒன்று உண்டு. பி கலங்களிலிருந்து முதிர்ந்து பிறபொருளெதிரி செய்கிற கலங்கள் அதில் நெருக்கமாகக் கிடக்கின்றன. அவை செய்வது கண்ணீரில் கலந்து மூக்குக்கு இறங்கி, வைரசு வருகிற வாசலிலேயே நிற்கும். இரத்தத்தில் எவ்வளவு பிறபொருளெதிரி இருந்தாலும் வாசலில் இருப்பது வேறு கணக்கு.

பொழுதுபட்டபிறகு, கோழிகள் ஏறிப் படுத்த நேரம் போனோம். அக்கா ஒவ்வொன்றாக இறக்கிக் கமக்கட்டுக்குள் இடுக்கித் தலையைச் சரித்துப் பிடித்தார். நான் ஒரு துளி விட்டேன். துளி கண்மேல் குமிழாக நின்றது. அவர் உடனே கையை எடுக்கப் பார்த்தார்.

"பொறுங்கோ அக்கா. கண்ணை வெட்டட்டும்."

கோழி கண்ணை வெட்டியது. குமிழ் உள்ளே போனது. ஒருதரம் விழுங்கியது.

"போட்டுதோ?"

"போட்டுது. அடுத்ததைப் பிடியுங்கோ."